ஈரத்துக்குக் கழிவில்லை

காலை ஆறரைக்குத் தொட்டியில் கைவிட்டுப் பார்ப்பேன்.
முழங்கை வரைக்கும் எலும்பு நோகும்.
தெர்மாமீட்டர் பதினாறில் நிற்கிறது,
அதற்கும் குளிர்தான் போல, ஏறவே மனமில்லை.

ராகலைக்கு மேலே, மூடிப்போன ஸ்டோரில்,
கொழுந்து வாட்டிய மாடிக்குக் கீழே
பன்னிரண்டு சீமெந்துத் தொட்டி.
காதோரம் சிவப்புக் கீற்றோடு
நானூற்றுச் சொச்சம் ஆமை.
இந்தக் குளிருக்கு இதுகளை ஏன் கொண்டுவந்தீங்க
என்று ஒருநாள் கேட்டேன்.
வாடகை குறைவு, என்றார் ஹேமசந்திர மாத்தையா.

கம்பஹாவிலிருந்து அவர் எழுதி அனுப்பும் கணக்கு:
தொட்டிக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ.
கோழித்தீனி, கருவாட்டுத் தூள்,
விலை விழுந்த வாரங்களில் கந்தப்பளைக் கோவா.
மாதம் முடிய நிறை ஏறியிருக்க வேண்டும்.

முப்பத்தோராம் நம்பர் செத்தபோது
வலப்பனையிலிருந்து பஸ்ஸில் வந்த டொக்டர் பஸ்லியா
பழைய தேயிலைச் சாக்கை மேசையில் விரித்து
வயிற்று ஓட்டை அறுத்தார்.
உள்ளே மூன்று நாளைக்கு முந்திய தீனி
போட்டது போட்டபடி, புளித்துப்போய்.
குளிரில் குடல் வேலைநிறுத்தம் செய்துவிடும், என்றார்.
அதற்குச் சங்கம் எது என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு எண்ணினோம்.
இமை வீங்கி மூடியவை பதினெட்டு.
விரலால் அழுத்தினால்
பிஸ்கட் டின் மூடிபோல் ஓடு உள்வாங்குபவை அதைவிடக் கூட.
ஒரு பக்கம் சாய்ந்தே மிதப்பவை இரண்டு.
நெஞ்சுச் சளி.
மூக்கில் குமிழி வெடிக்கும் அந்தச் சத்தம்
எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும்,
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
விடிய விடியக் கேட்டிருக்கிறோம்.

பிறகு நானே ஒரு கணக்கு வைத்தேன்.
லொறிக்கு எடுபடாத முறிந்த கரட், அதன் இலை.
ஓடைக்கரை வல்லாரை.
கழிவுத் தேயிலை மக்கிய மண்ணில் புழு.
ஜெசிந்தா ஹோட்டலில் கேட்டு வாங்கிவரும் முட்டை ஓடு, இடித்து.
மீன் லொறிக்காரன் சும்மா தரும் கணவாய் ஓடு
இரண்டு பிடி.
வெயில் வந்தால்தான் எதுவும்.
மூடுபனி இறங்கிய நாளில் வெறும் தண்ணீர்,
புத்தகத்தில் மட்டும் ஒன்றரைக் கிலோ.
பட்டினி போடுறியே பாவி என்று
முதல் வாரம் ஜெசிந்தா என்னோடு பேசவில்லை.

கூரையில் நாலு தகரம் கழற்றினோம்.
பத்து மணிக்கு அந்த ஓட்டை வழியே
ஒரு பாய் அகலத்துக்கு வெயில் விழும்.
தொட்டி தொட்டியாய்த் தூக்கி வந்து விடுவோம்.
ஒன்றின் முதுகில் ஒன்று, அதன் முதுகில் இன்னொன்று,
கழுத்தை நீட்டி, பின்னங்காலை விரித்து,
சம்பள நாள் மாதிரி.

முப்பதாந்தேதி. மாத்தையா வருகிறார்.
நிறை குறைவு.

ஸ்டோரோடு சேர்ந்து வந்த தொங்கு தராசு அது.
ஒன்பது வருசம் என் கொழுந்தை நிறுத்துப் பார்த்த
அதே கொக்கி.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு,
மழையென்றால் கேட்காமலே மூன்று கிலோ கழிப்பார்கள்.
பதினெட்டுக்கு ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர்.

ஆமைகளைத் துடைக்கவில்லை.
சொட்டச் சொட்ட அள்ளிக் கூடையில் போட்டேன்.
கூடையைக் கழிக்கவில்லை.
கூடைக்குள் தேங்கியதையும் கழிக்கவில்லை.
எழுதிக்கோ ஜெசிந்தா, என்றேன்,
எல்லாருக்கும் முழுப்பேர்.

மாத்தையா புத்தகத்தைப் புரட்டினார்.
கோவா பிடித்திருக்கு போல, என்றார்.
ஆமாங்க.

ஐம்பத்துநாலின் இமை நேற்றுத் திறந்தது.
என்னைப் பார்த்தது. கரட்டைப் பார்த்தது.
கரட் பக்கம் போனது.

மிஞ்சிய தீனி ஆறு மூடை
மாடியில், வாட்டுத் தட்டுக்கு அடியில் இருக்கிறது.
அடுத்த மாதத்து மூடைகளை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை.
எலிகள் நன்றாகக் கொழுத்துவிட்டன.
அவற்றை நிறுக்கச் சொல்லி
இதுவரை யாரும் எழுதவில்லை.